ஊசி குத்துவதற்கு முன்னால்

"எந்திரிச்சுப் போக முடியாத நேரமாப் பாத்துச் சொன்னீங்களே, மிஸ்ஸி" என்று அவர் சொன்னபோது, தாதியான நான் ரத்தம் கழுவும் டயாலிசிஸ் முடிந்து ஊசி எடுத்த இடத்தில் பஞ்சுத்துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். ரத்தம் நிற்கப் பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை நானும் அங்கிருந்து நகர முடியாது. அவர் கோபமாகச் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. மறுவாரமே திங்கள், புதன், வெள்ளி முறையிலிருந்து செவ்வாய், வியாழன், சனிக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். மகளின் வேலை நேரத்தைக் காரணமாகச் சொன்னாராம்.

அவருடைய மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்த வாரம் அது. மகனை எரித்த மறுநாள்கூட அவர் ரத்தம் கழுவ வந்தாக வேண்டியிருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்ற கணக்கு துக்க வீடு என்று பார்ப்பதில்லை. பதினாறாம் நாள் முடிந்த அந்த வாரத்தில் ஒருநாள் இரண்டு ஊசிகளையும் ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டி, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இயேசு உயிர்த்தெழுந்தார், ஆகவே மரணத்தோடு எல்லாம் முடிந்துபோவதில்லை என்று ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். பேச்சு எப்படித் திரும்பியது என்று தெரியவில்லை, "அண்ணே, தம்பிக்கு நேரம் கெடைக்கல. உங்களுக்கு இருக்கு. நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

நடுவில் இயந்திரம் கத்தியது. அவர் கையை மடக்கியிருந்தார், குழாயில் அழுத்தம் ஏறியிருந்தது. கையை நேராக்கி வைத்து, ஒலியை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். கை மடங்கினால் இயந்திரம் கத்தும் என்பது இந்த வேலையில் முதல் வாரமே தெரிந்துகொள்கிற சங்கதி. இவர் எதற்காக மடக்கினார் என்று கேட்டுக்கொள்ள எனக்கு அன்று தோன்றவில்லை.

எனக்கும் ஒரு நியாயம் உண்டு. 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த் ஃபெரித் துறையின் மேல்தளம் இடிந்து விழுந்தபோது, புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவிலிருந்து பினாங்குத் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் சித்தி அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். ஜார்ஜ்டவுனில் சீனர்களின் குவான் யின் ஊர்வலமும் இருந்ததால் துறை முழுக்க நெரிசல். இறந்தவர்கள் 32 பேர், அவர்களில் சித்தியும் ஒருவர். ஆலயத்தில் அவர் பிடித்து வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல் மட்டும் மூடி திறக்கப்படாமல் வீடு வந்து சேர்ந்தது. பல மாதங்கள் அதை யாரும் குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. கோயிலுக்குப் போய்த் திரும்பியவருக்கு ஏன் இப்படி என்ற கேள்விக்கு, பதில் போன்ற ஒன்றைப் பல ஆண்டுகள் கழித்து லூக்கா 13ஆம் அதிகாரத்தில் கண்டேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று தாமே சொல்லிவிட்டு, ஆனால் நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். சித்தி எந்தப் பாவத்துக்காகவும் சாகவில்லை என்ற நிம்மதியும், நாளை என்பது எனக்கும் உறுதியில்லை என்ற பதற்றமும் எனக்குச் சேர்ந்தே வந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்க நான் பழகவே இல்லை. இந்த வேலை அந்தப் பதற்றத்தை வளர்த்தது. வாரக்கடைசியில் விழும் நீண்ட இடைவெளிதான் எங்கள் நோயாளிகளுக்கு அதிக ஆபத்தானது. வெள்ளிக்கிழமை கையசைத்துப் போனவரின் நாற்காலி திங்களன்று காலியாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், ஒருமுறை அல்ல. அப்படியிருக்க, நல்ல செய்தி என்று நான் நம்புவதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துவிட்டுப் போவது எப்படி அன்பாகும்?

இந்த நியாயத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அடுத்த நாற்காலியில் இருந்த மலாய்க்கார அம்மாவிடம் நான் இதுபற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசவும் மாட்டேன். முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11ஆவது பிரிவே இடம் தருகிறது, வேலைக்கும் ஆபத்து. ஆக, என் அவசரத்துக்குச் சட்டத்தின் முன்னால் அடங்கி நிற்கத் தெரிந்திருக்கிறது. ஒரு தகப்பனின் துக்கத்துக்கு முன்னால்தான் தெரியவில்லை.

அதே அதிகாரத்தில் கோபுரத்தை அடுத்து வருவது காய்க்காத அத்திமரம். வெட்டிப்போடச் சொல்கிற எஜமானிடம், இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று தோட்டக்காரன் கேட்டுக்கொள்கிறான். இத்தனை வருடமும் அதை மரத்துக்கான எச்சரிக்கையாகவே வாசித்தேன். எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பது எருக்கூடை என்று இப்போதுதான் படுகிறது. ஆனால் இப்படிப் படுவதும், இனிமேல் பேசாமல் இருப்பதற்கு நான் தேடிக்கொண்ட சாக்காக இருக்கலாம். தோட்டக்காரனும் ஒரு வருஷம்தானே தவணை கேட்டான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, விடுப்பில் போன தோழிக்குப் பதிலாக நின்றேன். எடை பார்த்துவிட்டு வந்தவர் என்னைக் கண்டு ஒரு கணம் தயங்கினார்; பிறகு உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் பிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தேன். தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு போல அந்த அதிர்வு நன்றாகவே இருந்தது.

"அன்னைக்குச் சொன்னதுல பாக்கி ஏதும் இருந்தா, ஊசி குத்துறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க மிஸ்ஸி" என்றார். முகக்கவசம் போட்டிருந்ததால் சிரித்தாரா என்று தெரியவில்லை.

"பாக்கி ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். அது பொய். அவர் கையை நீட்டியபடியே இன்னும் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊசியின் உறையைக் கழற்றினேன்.