மெஷின் எடுக்காத கட்டைவிரல்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் எனக்கு டைம் ஆபீஸில், ஆட்களின் வருகையைப் பதிகிற வேலை. பதினோரு வருசமாகிறது. காலை ஷிப்ட்டுக்கு என் ஜன்னலுக்கு வெளியேதான் வரிசை நிற்கும்.

அன்றைக்கு அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்த நேரம். ஜார்க்கண்ட் தம்பி ஒருவனின் கட்டைவிரலை வருகை பதிகிற கைரேகை மெஷின் எடுக்கவில்லை. சட்டையில் துடைத்து வைத்தான், வாயால் ஊதி வைத்தான், அடுத்த விரலை வைத்துப் பார்த்தான். நம்ம ஊர் ஆளாக இருந்தால், "ரெஜிஸ்டர்ல போட்டுக்கங்க மேடம், நேரமாகுது" என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போயிருப்பார். இவன் ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி வரிசையை விட்டு ஒதுங்கி நின்றான்.

கையை நீட்டச் சொன்னேன். ரேகையே இல்லை. விரல் நுனியெல்லாம் மெழுகு தேய்த்தாற்போல வழவழவென்று இருந்தது. விரலிடுக்கில் தோல் வெடித்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. அவனுக்குச் சுண்ணாம்பு செக்ஷனில் வேலை. பச்சைத் தோலில் முடி போகச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். மாட்டு முடியையே கூழாக்குகிற சரக்கு, மனுசத் தோலை விட்டுவைக்குமா? அவன் கையுறை கிழிந்து பல நாளாகியிருந்தது. புதுசு கேட்கவில்லை. கேட்டால் காண்டிராக்டர் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று பயம்.

அதே செக்ஷனில் ஆற்காட்டிலிருந்து வருகிற அண்ணன் ஒருவருக்கும் கை வெடிக்கும். இரண்டு நாள் லீவு போட்டு, எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டு வருவார். இந்தத் தம்பிக்கு வீடு என்பதே காண்டிராக்டர் கொடுத்த ரூம். எட்டுப் பேருக்கு ஒரு ஃபேன். ராத்திரி தூக்கம் வருவதில்லை, ஊரிலிருந்து போன் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது, தங்கை கல்யாணக் கடன் இன்னும் அடையவில்லை என்றான். கை எரிச்சலைப் பற்றிச் சொன்னது இரண்டே வார்த்தை. தூக்கத்தையும் கடனையும் பற்றித்தான் நிறைய நேரம் சொன்னான்.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். வேலை முடிந்தாலும் வேலையிடத்தை விட்டுப் போக முடியாத வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வரும்.

தொழிலாளருக்கான அரசுக் காப்பீடு, இ.எஸ்.ஐ., இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சம்பளத்தில் 0.75 சதவீதம் மாதாமாதம் பிடிக்கிறோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜனவரியிலிருந்து ஜூனுக்குள் நோயில் படுத்தால் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அவன் அந்த ஆறு மாதமும் வேலை செய்தவன். ஆனால் அக்டோபரில் காண்டிராக்டர் மாறினார். புது லிஸ்ட் வந்தது. பழைய இ.எஸ்.ஐ. நம்பரைத் தொடராமல் எல்லாருக்கும் புது நம்பர் போட்டது நான்தான். புது நம்பருக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் நோய்க்காலப் பணம். ஒரு ஆளுக்கு ஆயுசுக்கும் ஒரே நம்பர் என்பது எனக்குத் தெரியும். லிஸ்ட் அப்படி வந்தது, சீக்கிரம் முடிக்கச் சொன்னார்கள், முடித்தேன். அவன் கையைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது.

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜுக்கு லாட்ஜ் வங்காள எழுத்தில் போர்டு இருக்கும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்ட அவ்வளவு தூரத்திலிருந்து ரயிலேறி வருகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற இவன் அந்த ரோட்டைப் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம்.

இரண்டு நம்பரையும் சேர்க்க எழுதிப் போட்டேன். பதில் வருமுன்பே அவன் காட்பாடியில் தன்பாத் வண்டி ஏறிவிட்டான். கிளம்பும் முன் ஜன்னலில் வந்து, "அக்கா, ஜாத்தா ஹூம்", போகிறேன் அக்கா என்றான். கையில் துணி சுற்றியிருந்தது.

இப்போது புது ஆள் யார் வந்தாலும், பெயர் கேட்பதற்கு முன்னால், "புரானா ஈஎஸ்ஐ நம்பர் ஹை க்யா?", பழைய இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கா என்று கேட்கிறேன். சிலர் தலையாட்டிவிட்டு, பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டுகிறார்கள்.