கார்வையில் விழுந்த வெட்டு: லினக்ஸில் நாகஸ்வரப் பதிவு

கும்பகோணத்துப் பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் நாகஸ்வரம், தவில் பதிவு. லினக்ஸ் மடிக்கணினி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், பதிவுக்கு ஆர்டோர் மென்பொருள், அடியில் லினக்ஸின் ஒலிப் போக்குவரத்தைக் கவனிக்கும் பைப்வயர். தவில் தனியில் ஒன்றும் தெரியவில்லை. ஆலாபனையில் கார்வை (ஒரே ஸ்வரத்தில் நிற்பது) நீண்டதும் ‘டிக்’ என்று வெட்டு. தவிலிலும் வெட்டு விழுந்துதான் இருக்கும். சொற்கட்டுக்குள் காதுக்குச் சிக்காது. அதனால் சோதனைக்கு ஸ்ருதிப் பெட்டியை ஓடவிட்டு அதையே பதிந்தோம்.

முதலில், திரும்பப் போட்டுக் கேட்டால் அதே இடத்தில் ‘டிக்’ வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் பழுது பதிவிலேயே இருக்கிறது. அந்த இடத்தைப் பெரிதாக்கினால் அலைக்கோடு அறுந்து வேறு உயரத்தில் தொடங்கும். பம்ப்செட் மோட்டார் போடும்போது வருவது வேறு: அலை அறுகாது, மேலே ஊசி மாதிரி ஒரு முள் மட்டும் நிற்கும். அது கேபிள், எர்த் சங்கதி. கணினியைக் குடைந்து பயனில்லை.

டெர்மினலில் பைப்வயரின் ‘பிடபிள்யூ-டாப்’ (pw-top) கட்டளையை ஓட்டினால் ‘ERR’ என்ற பத்தியில் பிழை எண்ணிக்கை தெரியும். வெட்டு விழ விழ அது ஏறியது. பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குக் கையாளும் ஒலித்துண்டு, 128 சாம்பிளில் இருந்தது. 48,000 ஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிவிநாடி, அதற்குள் கணினி வேலையை முடிக்காவிட்டால் வெட்டுதான். பஃபரைக் கூட்டினால் ஹெட்ஃபோனில் ஒலி தாமதமாகக் கேட்கும். ஆனால் நாகஸ்வரக்காரர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிப்பதில்லை, தாமதம் யாருக்கும் உறுத்தாது. அப்புறம் எதற்கு 128? 1024 வைத்தோம், 21 மில்லிவிநாடி. முக்கால்வாசி வெட்டு அதிலேயே நின்றது.

இன்டர்ஃபேஸும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் ஒரே ஹப்பில் இருந்தன. யூ.எஸ்.பி.யில் ஒலித்தரவு ஒருமுறை தவறினால் மறுபடி அனுப்பப்படாது. இன்டர்ஃபேஸை நேரே கணினியில் செருகி, பதிவை உள் டிஸ்க்குக்கு மாற்றினோம். வைஃபையையும் அணைத்தாயிற்று.

மற்ற வேலைகளைவிட ஒலி வேலையைக் கணினி முதலில் கவனிக்க வேண்டும்; இந்த முன்னுரிமை விஷயத்தில் பைப்வயருக்குப் பெரும்பாலும் ஆர்டிகிட் (rtkit) என்ற சேவை கைகொடுக்கும். பைப்வயருக்குப் பதில் ஜாக் (JACK) என்ற ஒலிச் சேவையை நேரடியாக ஓட்டினால் பயனரை ஆடியோ குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு நிகழ்நேர முன்னுரிமை 95, நினைவகப் பூட்டு வரம்பில்லை என்று அமைத்து, வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறப்பவர்களே அதிகம். குறித்த நேரத்துக்குள் வேலை முடிவதற்கென்றே அமைத்த நிகழ்நேர கர்னலுக்கு (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; 6.12 முதல் மூலக் கர்னலிலேயே அந்த வசதி உண்டு) அவசியமே வரவில்லை.

ஆனாலும் இருபது நிமிடம் போனதும் பிழை மறுபடி ஏறியது. மைக்கில் காற்று அடிக்கும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம், சித்திரை வெயில், மடிக்கணினி ஜமுக்காளத்தின்மேல், காற்றுத்துளை அடைபட்டபடி. ‘சென்சார்ஸ்’ கட்டளை 95 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வேகத்தை உச்சத்தில் பூட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த நிலையில் அது சூட்டைத்தான் கூட்டும்.

மடிக்கணினியையும் இன்டர்ஃபேஸையும் ரேழிக்குக் கொண்டுபோய், அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்துத் தூக்கி, எதிரே மேஜை விசிறி வைத்தோம். நீட்ட வேண்டியது எக்ஸ்.எல்.ஆர். மைக் கேபிளை; யூ.எஸ்.பி. கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. சூடு 70-ஐத் தாண்டவில்லை. மென்பொருள் திறக்கும்போது ஏறும் ஓரிரு பிழைகளைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், நாற்பது நிமிடப் பதிவில் எண் அசையவே இல்லை.