முதல் மருந்து ஏற முன்னம்: விந்து சேமிக்கப் போகிறவர்களுக்கு

புற்றுநோய் என்று பயொப்சி (துண்டெடுத்துப் பார்க்கும் சோதனை) றிப்போட் கைக்கு வந்த நாளுக்கும், கீமோ என்ற புற்றுநோய் மருந்து தொடங்கும் நாளுக்கும் இடையில் அனேகமாக ஒன்றிரண்டு கிழமைதான் கிடைக்கும். பிற்காலத்தில் பிள்ளை பெறுவதற்காக விந்து சேமிப்பதை அதற்குள் முடிக்கவேண்டும். ஒரு தரம் மருந்து ஏறிவிட்டால் பிறகு வரும் விந்தணுவின் மரபணு பழுதுபட்டிருக்கலாம். லாப்காரர் எடுக்கத் தயங்குவார்கள். டொக்டர் தானாகச் சொல்லுவார் என்று காத்திராதீர்கள், சனம் நிறைந்த கிளினிக்கில் இது விடுபட்டுப்போகும். "விந்து சேமிக்க வேணும், கடிதம் தாங்கோ" என்று நீங்களே கேளுங்கள். கல்யாணமாகாத பொடியன் தாய்க்கு முன்னால் வாய் திறக்கமாட்டான். அந்த ஐந்து நிமிடம் அம்மா வெளியில் இருக்கட்டும்.

வன்னியில் இருந்து வைத்தியத்துக்குப் போவது தெல்லிப்பழைக்கு, அநுராதபுரத்துக்கு, மகரகமவுக்கு. விந்தை உறைய வைப்பது குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையங்களின் லாப்பில். அதற்கு அனேகமாகக் கொழும்புக்குத்தான் போகவேண்டிவரும். வீட்டில் எடுத்துப் போத்தலில் அனுப்பலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் லாப் மேசைக்குப் போகவேண்டியது அது. ஐஸ் பெட்டியில் வைத்தால் கெட்டுப்போகும். கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு அந்த நேரத்தில் எந்த வாகனமும் போகாது, ஆள்தான் போகவேணும்.

லாப் கேட்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் இரத்தச் சோதனைகளை ஊரிலேயே செய்த றிப்போட்டை ஏற்பார்களா என்று முதலில் போன் எடுத்துக் கேளுங்கள். கடைசியாக விந்து வெளியேறி 2 முதல் 5 நாள் இடைவெளி இருந்தால் நல்லது. அந்தக் கணக்குச் சரிவரவில்லை என்று பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கீமோ நாள்தான் முக்கியம். இரவு பஸ்ஸில் முறிந்துபோய் விடிய இறங்கி நேரே லாப்புக்குப் போனால் சாம்பிள் வராமல் போகலாம். ஒரு அறை எடுத்து, குளித்து, படுத்தெழும்பிப் போங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு சாம்பிள் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஒரே பயணத்தில் வேலை முடியும்.

உங்கள் பெயருக்குக் கிளினிக் கொப்பியில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறொன்று என்றால் அங்கேயே திருத்துங்கள். பத்து வருடம் கழித்து எடுக்கப் போகும்போது அந்த ஒரு எழுத்துத்தான் வில்லங்கமாகும்.

சாம்பிள் எடுக்க முன்னம் கையைக் கழுவி நன்றாகத் துடைக்கவேணும். சவர்க்காரம், எண்ணெய், எச்சில் எதுவும் படக்கூடாது, விந்தணு செத்துப்போகும். சாதாரண ஆணுறையில் எடுப்பதும் சரிவராது. முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் கூட. அது வெளியில் சிந்தினால் வெட்கப்படாமல் லாப்காரரிடம் சொல்லுங்கள்.

லாப்பில் அரை மணித்தியாலம் அளவில் விந்து இளகும். எண்ணிப் பார்த்து, உறையும்போது ஐஸ் ஊசிகள் அணுவைக் கிழிக்காமல் இருக்கக் கிளிசரோல் கலந்த திரவம் சேர்த்து, சிறு குழாய்களில் அடைத்து மைனஸ் 196 பாகை திரவ நைதரசனில் இறக்குவார்கள். திரும்ப உருக்கும்போது ஏறக்குறையப் பாதி செத்துப்போகும், அது வழமை. அணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் ஒரு முட்டைக்கு ஒரு அணு போதும் என்பதால், எண்ணிக்கை குறைவு என்ற றிப்போட்டைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் அடித்தவருக்கும் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) காரருக்கும் குறைவது சாதாரணம். 20 வருடத்துக்கு மேல் உறைந்திருந்த விந்தில் பிள்ளை பிறந்திருக்கிறது.

விதையில் கட்டி என்றால் சத்திரசிகிச்சைக்கு முன்னமே சேமியுங்கள். விந்தில் அணுவே இல்லை என்றால், வெட்டி எடுக்கும் விதையின் இழையத்திலேயே தேடலாம். ஆனால் சேர்ஜனும் லாப்பும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கவேணும், கத்தி வைத்த பிறகு யோசித்துப் பயனில்லை.

வருடக் காசு எவ்வளவு, கட்டத் தவறினால் என்ன செய்வார்கள், ஆள் இறந்தால் சாம்பிள் யாருக்கு என்பதெல்லாம் சம்மதப் பத்திரத்தில் இருக்கும். பத்திரம் ஆங்கிலத்தில் என்றால் வாசித்துச் சொல்ல ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். போன் நம்பர் மாறினால் அன்றைக்கே அறிவியுங்கள்.