மரத்தடித் தூளைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்குப் போகலாம்

சேலத்தில் பழைய வீடு என்றால் பின்னால் ஒரு மாமரம் நிற்கும். மல்கோவாவோ கிளிமூக்கோ, வயதான மரத்தில் ஒரு கிளை மட்டும் மஞ்சளித்து நுனியிலிருந்து காய்ந்து வந்தால், தண்ணீர் போதவில்லை என்று இரண்டு குடம் கூடுதலாக ஊற்றுவதுதான் வழக்கம். இலை அப்படி ஆகும் நேரத்தில் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே புகுந்து சில மாதம் ஆகியிருக்கும்.

இலையை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள். மண்ணிலும் கிளைக் கவட்டையிலும் தூள் கிடக்கும். ரம்பத்தூள் மாதிரி நைசாக இருக்காது. கரும்புச் சக்கையை மென்று துப்பியது போல நார்நாராக, கையில் எடுத்தால் ஈரமாக இருக்கும். பட்டையில் துளையும், அதிலிருந்து பழுப்பு நீர் வழிந்து காய்ந்த கோடும் தெரியும். கரையானை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பட்டைமேல் மண்ணைப் பூசும், தூள் தள்ளாது. அந்த மண்ணைச் சுரண்டிவிட்டு, அடியில் பட்டை பச்சையாக இருந்தால் அவசரப்பட ஒன்றுமில்லை.

துளைப்பானின் தாய் வண்டு சாம்பல் நிறம், சுமார் ஐந்து சென்டிமீட்டர் நீளம், உடம்பைவிட நீண்ட மீசை. தலைக்குப் பின்னால் இரண்டு ஆரஞ்சுப் புள்ளி. பட்டை வெடிப்பிலும், அரிவாள் பட்ட காயத்திலும் முட்டை வைக்கும். துணி காயப்போட அடித்த ஆணிக் காயமும் அதற்குப் போதும்.

முதல் நாள் செய்ய வேண்டியது கூட்டுவது மட்டும். தூளையெல்லாம் வாரி எடுத்து, துளைகளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஒவ்வொன்றையும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு விடுங்கள். மறுநாள் காலையில் எந்த வட்டத்தில் புதுத்தூள் வந்திருக்கிறதோ அதில்தான் புழு இருக்கிறது. பத்துத் துளை இருக்கும் மரத்தில் இரண்டே புழு இருக்கலாம். மற்றவை பழைய வழிகள். இந்த ஒரு நாளைப் பொறுக்காமல் எல்லாத் துளையிலும் மருந்து ஊற்றுவதால்தான் பணமும் போய், புழுவும் தப்புகிறது.

கம்பிக்கு சைக்கிள் பிரேக்கின் உள் வயரே சரி. கட்டுக்கம்பி மடங்கிவிடும், ஸ்போக்ஸ் கம்பி வளைந்த பாதையில் போகாது. ஒன்றரை அடி வயரை வெட்டி, நுனியில் அரை அங்குலத்துக்கு இழைகளைப் பிரித்துப் பின்பக்கமாக மடக்கினால் சின்னச் சின்னக் கொக்கிகள் கிடைக்கும். துளை வாயைக் கத்தியால் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டு, வயரைத் திருகியபடியே உள்ளே தள்ளுங்கள். கட்டையில் முட்டினால் 'டக்' என்று நிற்கும். புழுவில் முட்டினால் மெத்தென்று இருக்கும். ஒரே பக்கம் திருகி இழுத்தால் புழு கொக்கியில் மாட்டி வரும், அல்லது வயர் நுனி வெள்ளையாக, பிசுபிசுவென்று நனைந்து வரும். வெறும் தூள்தான் வந்ததென்றால் புழுவை எட்டவில்லை. அடுத்த துளை வழியாக முயன்று பாருங்கள், பாதை நேராகவே போவதில்லை.

எட்டாத இடத்துக்குப் பஞ்சு. ஐந்து மில்லி பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே தள்ளி, உடனே களிமண்ணும் சாணமும் பிசைந்து அடைக்க வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தை ஊற்றச் சொல்வது பழைய யோசனை; 2020 முடிவோடு இந்தியாவில் அதற்குத் தடை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும், வீட்டை ஒட்டிய மரத்தில் அதற்கு வேலையே இல்லை.

மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அடைப்பைப் பாருங்கள். மண்ணைப் புழு வெளியே தள்ளியிருந்தால் மறுபடி வயர், மறுபடி பஞ்சு. அடைப்பு அப்படியே இருந்து, ஒரு முழம் மேலே புதுத்தூள் தெரிந்தால், அதற்கு நீங்கள் பார்க்காத இன்னொரு வாசல் இருக்கிறது.

தூள் நின்றபின் அடிமரத்தில் மூன்றடி உயரத்துக்கு போர்டோ பசை. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி போதும், இரும்பு ஆகாது. தீட்டிய கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். இது புழுவைக் கொல்லாது, காயத்தில் பூஞ்சை ஏறாமல் காக்கும். வெட்டிய கிளையை விறகாக மரத்தடியிலேயே அடுக்கி வைப்பது பெரிய தப்பு. உள்ளிருக்கும் புழு அதிலேயே வளர்ந்து வண்டாகி, பக்கத்திலிருக்கும் மரத்துக்கே திரும்பும். பிளந்து எரித்துவிடுங்கள்.

தென்னைக்கு வேறு கணக்கு. கீழே நிற்கும் காரிலும் செம்பருத்தி இலையிலும் கரி பூசியது போல் படிந்தால், ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மாவு சுருள்சுருளாக இருக்கும். 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ. இதற்கு விஷம் தெளித்தால், அதை அடக்கிவைக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவிதான் முதலில் சாகும், ஈ இன்னும் பெருகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் போதும். கரும்படலத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாக்கித் தெளித்தால், காய்ந்தபின் படலம் செதில்செதிலாக உரிந்து விழும். குளவிகளின் அருமை இந்த மாவட்டத்துக்குத் தெரிந்ததுதான்: மரவள்ளியின் மாவுப்பூச்சியைப் பிடிக்க 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளிநாட்டுக் குளவியைத்தான் விட்டார்கள்.

ஓலை விசிறி மாதிரி முக்கோணமாக வெட்டுப்பட்டு விரிந்தால் காண்டாமிருக வண்டு. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, மொத்தம் 150 கிராம் எடுத்து உள் மட்டை மூன்றின் இடுக்கில் போடுங்கள். வண்டின் பிறப்பிடம் உங்கள் எருக்குழிதான், அதைக் கிளறாமல் மரத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. தண்டில் ஓட்டை விழுந்து செம்பழுப்புச் சாறு வழிந்தால் சிவப்புக் கூன்வண்டு. அது தாமதிக்கும் நோயல்ல, அன்றைக்கே ஆள் கூப்பிட வேண்டும்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கிடக்கும். தீப்பந்தம் காட்டினால் ஐந்து நிமிட வேலை. பட்டை கருகாமல் பந்தத்தை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எது என்று தெரியாவிட்டால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டு போகலாம். புழுவை மூடி துளையிட்ட பாட்டிலில், அது தின்ற தூளோடு சேர்த்து எடுத்துப் போங்கள். இலையென்றால் செய்தித்தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வெந்துபோய், போய்ச் சேரும்போது காட்ட ஒன்றும் மிஞ்சாது.