ஐயாவின் இடக்கால்

ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒன்றரை வருடமாகிறது. மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டதால் அவருடைய இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் பிரஷரையும் தலையில் எடுத்த ஸ்கானையும் பற்றியே விசாரித்தார்கள். நாங்களும் அவற்றையே கவனித்துக்கொண்டிருந்தோம். கையும் காலும் மூளையின் கட்டளைக்காகக் காத்துக் கிடக்கின்றன, அது திரும்பி வந்ததும் முன்போல இயங்கத் தொடங்கிவிடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். காத்துக் கிடந்த தசைகள் அந்த நாட்களிலேயே மாறிக்கொண்டிருந்தன என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

மூன்றாம் மாதம், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொன்னபடி, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இரண்டு தொடைகளையும் தையல் நாடாவால் அளந்தேன். இடத்தொடை ஒன்றரை அங்குலம் குறைவாக இருந்தது. உரும்பிராய்ச் செம்மண்ணில் நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்த மனிதருடைய கால் அது. நாடா காட்டும் அளவுகூட முழுக் கணக்கன்று. ஏனென்றால் மெலியும் தசைக்குள் கொழுப்பும் படிகிறது. பாரிசவாதம் வந்து நாட்பட்டவர்களின் தொடைகளை ஸ்கான் செய்து பார்த்த ஆய்வொன்றில், பாதிக்கப்பட்ட பக்கத்தில் தசையின் பரப்பு மற்றப் பக்கத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தும், தசைக்குள் இருந்த கொழுப்பு ஏறத்தாழ 25 சதவீதம் கூடியும் காணப்பட்டது. படுக்கை மட்டுமே எவ்வளவு செய்யும் என்பதற்கு 2007இல் வெளியான இன்னோர் ஆய்வு இருக்கிறது: நோயெதுவும் இல்லாத முதியவர்கள் பத்து நாட்கள் படுத்திருந்ததிலேயே அவர்களுடைய கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. அதனால்தான் நல்ல பக்கமும் மெல்ல மெல்லப் பலமிழக்கிறது.

பருமன் மட்டுமல்ல, தசையின் தன்மையும் மாறுகிறது. நெடுநேரம் நிற்கவும் நடக்கவும் உதவுபவை மெதுவாகச் சுருங்கும் நார்கள். சட்டென்று சுருங்கி விரைவில் களைத்துப்போகும் நார்கள் வேறு. பாதிக்கப்பட்ட காலில் முதல் வகை குறைந்து இரண்டாம் வகையின் பங்கு கூடுகிறது, தசைக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் குறைகின்றன. விறாந்தையில் பத்தடி வைத்ததும் ஐயா கதிரையைத் தேடியதை மனச்சோர்வு என்று நினைத்து நான் வற்புறுத்தியிருக்கிறேன். அந்தத் தசைக்கு அவ்வளவுதான் இயலும் என்பதை அறியாமல் வற்புறுத்தியது இன்றும் மனதை வருத்துகிறது. இப்படி மாறிய தசை இரத்தத்திலுள்ள சீனியையும் முன்போல உள்ளெடுப்பதில்லை. நீரிழிவும் உள்ளவர்களுடைய வீட்டார் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது கை. நாலாம் மாதத்தில் விரல்கள் மடங்கி, பெருவிரல் உள்ளே அகப்பட்டு, உள்ளங்கை எப்போதும் ஈரமாக இருந்தது. நகம் வெட்டுவதற்காக விரல்களை நேரே இழுத்தால் அவை இன்னும் இறுகும். முதலில் மணிக்கட்டை உள்நோக்கி மடித்தால், அதைக் கடந்துவரும் தசைநாண்கள் தளர்ந்து விரல்கள் தாமாகவே சற்றுத் திறக்கும் என்று இயன்மருத்துவர் செய்து காட்டினார். இறுக்கத்தில் இரண்டு வகை உண்டு என்பதையும் அவரிடமே கற்றேன். வேகமாக அசைக்கும்போது பிடித்துக்கொண்டு, ஆறுதலாக நீட்டும்போது இடம்விடுவது நரம்பால் வரும் இறுக்கம். எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் இடம்விடாதது தசையே குறுகிப்போனதால் வருவது. தசையின் ஒவ்வொரு நாரும் சார்கோமியர் எனப்படும் நுண்துண்டங்கள் வரிசையாகத் தொடுக்கப்பட்ட ஒன்று. மடங்கிய நிலையிலேயே கிடந்தால் உடல் அவற்றை எண்ணிக்கையில் குறைத்துவிடும். 1972இல் வெளியான ஆய்வில், பூனைகளின் கெண்டைக்கால் தசையை நான்கு வாரங்கள் குறுகிய நிலையில் கட்டிவைத்தபோது இத்துண்டங்கள் 40 சதவீதம் குறைந்திருந்தன.

ஊரில் எண்ணெய் பூசிப் பிடிப்பதைப் பெரிதாக நம்புகிறோம். அது சுகமாக இருக்கும், நான் தடுக்கவில்லை. ஆனால் பாரத்தை எதிர்த்து இயங்காத தசை எண்ணெயால் வளராது. பலப்பயிற்சி இறுக்கத்தைக் கூட்டும் என்ற பழைய பயத்துக்கும் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுப்பதும் தவறு. புரதம் இல்லாமல் தசை எதைக்கொண்டு வளரும்? விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு உணவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் வைத்தியசாலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தளர்ந்த கையைப் பிடித்து ஒருவரைத் தூக்கவும் கூடாது. தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் சோர்ந்திருக்கும்போது எலும்பு கீழே இறங்கிவிடும்.

இப்போது ஐயா காலையில் பத்துத் தடவையும் பின்னேரம் பத்துத் தடவையும் கைபிடிக்காமல் கதிரையிலிருந்து எழும்பி உட்காருகிறார். இடப்பாதம் சற்றுப் பின்னே வைக்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வலக்கால் முழுப் பாரத்தையும் எடுத்துக்கொள்ளும். இந்தக் கிழமை அளந்தபோது தொடைகளுக்கிடையே முக்கால் அங்குல வித்தியாசம் இருந்தது. கொப்பியில் எழுதப்போனேன். நாடாவைச் சரியான இடத்தில்தான் பிடித்தாயா பிள்ளை என்று கேட்டார். மறுபடியும் முழங்காலிலிருந்து சாண் வைத்து அளந்தோம்.