க்ரீன் கார்டு வந்த பிறகு துல்சா கன் ஷோவுக்கு

டல்லாஸ் பக்கம் குடிவரும் நம்மவர்களை முதல் வருடத்திலேயே ஆபீஸில் யாராவது ஒருவர் "சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போவோம், வா" என்று துப்பாக்கி சுடும் இடத்துக்குக் கூப்பிட்டுவிடுவார். டெக்சாஸில் அது சாதாரண விருந்தோம்பல். சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மறுபடி தோட்டாவாக்கும் ரீலோடிங் வேலைக்குச் சாமான் வாங்க நான் ஓக்லஹோமாவின் துல்சாவுக்குப் போவதைப் பற்றிப் பேசும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம், ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் அதில் சேர்த்தி. அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கணக்கில் முழுத் தோட்டா மட்டும் தோட்டா அல்ல, வெறும் பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தட்டும் பிரைமர், உள்ளே எரியும் பவுடர் எனும் வெடிமருந்து, முனையில் பறக்கும் குண்டு ஒவ்வொன்றும் தனியாகவே தோட்டாதான். கன் ஷோ எனும் துப்பாக்கிச் சந்தையில் பழைய கூடு ஒரு பை வாங்கினாலும் விசாக்காரருக்குச் சிக்கல்தான். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை விழுந்தால் நாடு கடத்துவது வரை போகும். நண்பர் வாங்கித் தந்தார், சும்மா பார்த்தேன் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது.

நான் க்ரீன் கார்டு கைக்கு வரும் வரை காத்திருந்தேன். நிரந்தரவாசிக்கு இந்தத் தடை இல்லை. அதற்கப்புறம்தான் .308 என்ற தோட்டா ரகத்துக்கான ரைஃபிள் ஒன்றை முறைப்படி படிவம் எழுதிக் கொடுத்து, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கினேன். குறி பார்த்துச் சுடுவது மட்டும்தான் எனக்கு விருப்பம், வேட்டையில் இல்லை.

ரீலோடிங் என்பது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் பொருத்தி, பவுடரை அளந்து போட்டு, குண்டை அமர்த்தி மறுபடி தோட்டாவாக்குவது. கடையில் வாங்கும் மேட்ச் (போட்டி ரகத்) தோட்டாவின் பாதி விலைக்குச் செய்துவிடலாம், ஆனால் என்னை இழுத்தது காசு இல்லை. நான் அருவங்காட்டில் வளர்ந்தவன். குன்னூரிலிருந்து மலை ரயில் ஏறினால் வெலிங்டன் தாண்டி வரும் ஊர். அங்கே இருக்கும் கார்டைட் ஃபாக்டரி 1903-இல் தொடங்கியது, ராணுவத்துக்கான புகையற்ற வெடிமருந்து செய்யும் இடம். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. வாசலில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள் என்பதைத் தவிர வீட்டில் அவர் வேறெதுவும் சொன்னதில்லை. எங்கள் ஊரே எந்தப் பொருளை வைத்துச் சாப்பிட்டதோ அந்தப் பொருளை, ஒரு பவுண்டு டப்பாவில், விலைச் சீட்டு ஒட்டி, ஓக்லஹோமாவில் ஒரு மேசை மேல் பார்த்தபோது எனக்கு உண்டான ஆர்வத்தைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

துல்சாவில் நடக்கும் வானன்மேக்கர் ஷோதான் நான் போவது. ஏப்ரலில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை, சனி ஞாயிறு இரண்டு நாள். ஃபேர்கிரவுண்டில், கோல்டன் டிரில்லர் என்ற அந்த ராட்சத எண்ணெய்த் தொழிலாளி சிலைக்குப் பின்னால் இருக்கும் ஒரே கூரைக் கட்டடம், பதினோரு ஏக்கர், நாலாயிரத்துக்கு மேல் மேசைகள். டல்லாஸ் பக்கத்துப் பிளேனோவிலிருந்து 75-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய் ரெட் ரிவர் தாண்டி, டுராண்ட், அடோகா, மெக்அலெஸ்டர் வழியாக நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மெக்அலெஸ்டரில் ராணுவத்தின் வெடிமருந்து ஆலை இருக்கிறது. ஊரில் பாதிக் குடும்பத்துக்கு அங்கேதான் சோறு என்று பெட்ரோல் பங்கில் ஒருவர் சொன்னார், அருவங்காட்டுக்காரனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பவுடரையும் பிரைமரையும் ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் என்று தனியாக ஒன்று போடுவார்கள். ஒரு டப்பா வாங்கினாலும் அது உண்டு. ஷோவில் அது மிச்சம். இன்னொன்று, டெக்சாஸ்வாசி ஓக்லஹோமாவில் கைத்துப்பாக்கி வாங்கி நேரே காரில் போட்டுக்கொண்டு வர முடியாது, ஆனால் ரீலோடிங் சாமானுக்கு அந்தத் தடை கிடையாது.

உள்ளே போனால் முதல் ஒரு மணி நேரம் தலை சுற்றும். கத்தி, நாணயம், உலகப் போர்ப் பதக்கம், மாட்டிறைச்சி வற்றல், நகை, எல்லாம் இருக்கும். நான் நேரே பெரிய வியாபாரிகளின் பவுடர் மேசைக்குப் போய்விடுவேன், ஏனென்றால் வேண்டிய ரகம் சனிக்கிழமை மதியத்துக்குள் தீர்ந்துவிடும். எனக்கு வேண்டியவை வார்கெட், அல்லது ஐஎம்ஆர் 4064. வார்கெட் டப்பாவில் ஹாட்ஜ்டன் என்று கன்சஸ் கம்பெனியின் பெயர் இருக்கும், உள்ளே இருப்பது ஆஸ்திரேலியாவில் செய்தது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் (பவுடர் அளக்கும் எடை அலகு), .308-க்கு ஒரு தோட்டாவுக்கு நாற்பது சொச்சம் போகும் என்று வைத்துக்கொண்டால் ஒரு டப்பாவில் எத்தனை வரும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். பிரைமர் ஆயிரம் கொண்ட பெட்டி 2020-க்கு முன் முப்பது டாலர் சொச்சத்துக்குக் கிடைத்தது என்பார்கள். கொரோனாக் காலத் தட்டுப்பாட்டில் இதே மேசைகளில் 100 டாலரைத் தாண்டி விற்றது. அப்போது வாங்கிப் பதுக்கியவர்கள் இன்னும் அந்த விலையைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் பேரம் பேசுவது வீண்.

திறந்த பவுடர் டப்பாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஒரு மேசையில் சீல் உடைந்த டப்பா ஒன்று, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி பேனாவால் 4350 என்று மட்டும் எழுதியிருந்தது. 4350 என்ற எண்ணில் ஐஎம்ஆர் 4350-யும் உண்டு, ஹாட்ஜ்டனின் ஹெச்4350-யும் உண்டு, இரண்டும் வேறு வேறு பவுடர், ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. அந்த டப்பாவில் எது இருந்தது என்று விற்றவருக்கே தெரியாது. கெட்டுப்போன பவுடர் மூக்கில் ஏறும் புளித்த அமில வாடை அடிக்கும், செம்பழுப்புத் தூசி தெரியும், டப்பாவின் உட்புறம் துருப்பிடித்திருக்கும். சீல் போட்ட டப்பா, லேபிளில் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், அவ்வளவுதான்.

பழைய சாமான் நம்பி வாங்கலாம் என்றால் அது பிரஸ், கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் கைப்பிடி இயந்திரம். ஹாலின் கோடியில் ஒரு பெரியவர், இறந்துபோன நண்பரின் ரீலோடிங் சாமான் முழுவதையும் அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் கொண்டுவந்து பரப்பியிருந்தார். நடுவில் ஆர்சிபிஎஸ் கம்பெனியின் ராக் சக்கர் பிரஸ், பச்சை நிற வார்ப்பிரும்பு, கைப்பிடி உருண்டையில் பெயின்ட் தேய்ந்து உலோகம் பளபளத்தது. நான் கைப்பிடியை இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் எழுந்து வந்து, ராமை, அதாவது கூட்டைத் தூக்கும் தண்டை, மேலே ஏற்றி அதன் தலையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னார். ஆட்டம் இல்லை. பிரைமர் பொருத்தும் பாகத்தைக் காணவில்லை என்றேன். அந்தக் கம்பெனிக்கு எழுது, முதல் சொந்தக்காரனா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள், அனுப்பிவிடுவார்கள் என்றார், அப்படியே வந்தும் சேர்ந்தது. எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா, மலைமேல் ஒரு வெடிமருந்து ஆலை ஊர் என்றேன். அதன் பிறகு அவர் என்னை விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, லேக் சிட்டி ஆலையில் செய்த ராணுவக் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பக்கம் காட்டினார். பிரைமரைச் சுற்றி அழுத்தி மூடிய வளையம் இருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பிரைமர் நசுங்கும். இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட கூடு நீண்டு போயிருக்கும், அதை விட்டுவிடு என்றார். அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே பளிச்சென்று ஒரு கோடு தெரிந்தால் உள்ளே சுவர் மெலிந்துவிட்டது, அடுத்த முறை அங்கேயே பிளக்கும். கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டு அந்தப் பள்ளத்தை என் விரலுக்கே தட்டுப்பட வைத்தார். ஆபீஸில் இத்தனை வருடத்தில் ஒருவர் இவ்வளவு பொறுமையாக எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை.

பிரஸ்ஸோடு அந்த நண்பரின் நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தார். பென்சில் எழுத்து, தேதி, வெப்பநிலை, காற்று, எந்தக் கூடு எத்தனையாவது சுற்று, இலக்கில் எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்று வரி வரியாக. படிக்கப் படிக்க மதிப்பு கூடுகிறது, ஆனால் அதிலுள்ள பவுடர் அளவு எதையும் நான் எடுப்பதில்லை. அது அவர் துப்பாக்கிக்கு, அவர் காலத்துப் பவுடருக்கு எழுதியது. அச்சிட்ட கையேட்டில் குறைந்த அளவில் ஆரம்பித்து மேலே போவதுதான் முறை, அதையும் பெரியவரே இரண்டு தடவை சொல்லித்தான் பணத்தை வாங்கினார்.

வீட்டில் மனைவிக்கு முதலில் பயம்தான், குழந்தை இருக்கிற வீடு. தீயணைப்பு நெறிமுறைப்படி வீட்டில் பவுடர் இருபது பவுண்டு வரை, வாங்கிய டப்பாவிலேயே, பிரைமர் பத்தாயிரம் வரை வைக்கலாம். எங்கள் வீட்டில் இருப்பது அதில் ஒரு மூலைதான். கராஜில் வைக்கவில்லை, டெக்சாஸ் வெயிலில் கராஜ் அடுப்பாகிவிடும். உள்ளறையில் பூட்டிய மர அலமாரி, பவுடர் ஒரு தட்டில், பிரைமர் தள்ளி வேறு அலமாரியில், சாவி எங்கள் இருவரிடம் மட்டும். வேலை செய்யும்போது மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா, போன் வேறு அறையில்.

நவம்பர் ஷோவுக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை கதவு திறக்கும்போதே வரிசையில் நில்லுங்கள், ரொக்கம் கொண்டுபோங்கள், கூடு பார்க்கச் சின்ன டார்ச் ஒன்றும். நான் இந்த முறை தேடப்போவது பவுடர் நிறுக்க ஒரு நல்ல பழைய பீம் தராசு.