இறக்கத்தில் சூடு போய்விடும் ஹீட்டர்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஹீட்டர் எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. விடிகாலையில் தலைக்குந்தா பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். உள்ளே நாலு பேர் மூச்சு விட்டாலே முன்கண்ணாடி மூடிக்கொள்ளும். கண்ணாடிக்குச் சூடான காற்று வரவில்லை என்றால் வளைவில் எதிரே வருகிற பஸ் தெரியாது.

நான் வாங்கியது 2003 மாடல் சின்ன பெட்ரோல் கார். அதுவரை கோயம்புத்தூரிலேயே ஓடிய வண்டி. அந்த ஊரில் ஹீட்டர் குமிழை யார் திருப்பப் போகிறார்கள்? மலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதில் சூடே இல்லை என்று தெரிந்தது. சரியாகச் சொன்னால், சில நேரம் இருந்தது, சில நேரம் இல்லை. காலையில் குன்னூருக்கு இறங்கும்போது பச்சைத் தண்ணீர் மாதிரி காற்று வரும். சாயங்காலம் திரும்ப ஏறும்போது ஓரளவு வெதுவெதுப்பு. இந்த வித்தியாசம்தான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு.

கார் ஹீட்டருக்குத் தனியாக நெருப்பு எதுவும் கிடையாது. இன்ஜினைக் குளிர்விக்க அதைச் சுற்றிவரும் திரவம்தான் கூலண்ட். சூடான அந்தக் கூலண்டில் ஒரு பகுதி, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர் வழியாகப் போய்வரும். அதை ஹீட்டர் கோர் என்பார்கள். ப்ளோயர் அதன்மேல் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். அதனால் ஹீட்டர் சரியில்லை என்றால் டாஷ்போர்டைப் பிரிப்பதற்கு முன்னால் பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ப்ளோயர் எல்லா வேகத்திலும் ஓடியது. (கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் அதன் ரெசிஸ்டர் போயிருக்கும், அது வேறு வேலை.) ஒருவரை உள்ளே உட்காரவைத்து குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பச் சொன்னேன். கோருக்குக் கூலண்டைத் திறந்துவிடும் ஹீட்டர் வால்வின் நெம்புகோல் பாதி தூரம்தான் நகர்ந்தது. கேபிளைப் பிடிக்கும் கிளிப் நழுவியிருந்தது. அதைத் தளர்த்தி முழுசாகத் திறக்கும் அளவுக்கு நகர்த்தி மாட்டினேன். கொஞ்சம் பலன் தெரிந்தது, போதவில்லை.

அடுத்தது டெம்பரேச்சர் முள். எவ்வளவு ஓட்டினாலும் அது அடியை விட்டு ஏறவே இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருந்து, பிறகு தானாகத் திறக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது சரியாக இருந்தால் அந்த ஹோஸ் சில நிமிடம் சில்லென்று இருந்துவிட்டு, பிறகு திடீரென்று சுட வேண்டும். இங்கே ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானது. தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டின் மூடியைக் கழற்றினால், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை!

கோயம்புத்தூரில் இந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். "அது எதுக்குங்க சார், கழட்டிட்டா இன்ஜின் கூலா ஓடுமுங்க" என்றார். சமவெளியில் இந்தப் பழக்கம் ரொம்ப சகஜம். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்து, தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டு இன்ஜின் கொதித்திருக்கும். புதிதாக ஒன்று போடாமல் எடுத்து வீசிவிடுவார்கள். அப்படிச் செய்யவே கூடாது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின், கூலண்டை எந்நேரமும் ரேடியேட்டருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையே இல்லை, எதிர்க்காற்றும் குளிர்; இருந்த கொஞ்சநஞ்சச் சூடும் போய்விடும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் அடிவாங்குவது அதனால்தான்.

82 டிகிரி என்று பொறித்த புதிய தெர்மோஸ்டாட் வாங்கினேன். மாட்டுவதற்கு முன் பாத்திரத்தில் தண்ணீர் சுடவைத்து, தெர்மாமீட்டரோடு அதையும் போட்டு, எப்போது திறக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலண்ட் அதற்கு மேலும் தாங்குகிறது. ஆகவே ரப்பர் காய்ந்துபோன பழைய மூடியையும் கேஸ்கெட்டோடு சேர்த்து மாற்றினேன். தெர்மோஸ்டாட்டில் ஆடுகிற சின்ன பின் மேல்பக்கம் வரும்படி மாட்ட வேண்டும். சிக்கிய காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

முள் நடுவுக்கு வந்தது. காற்று மட்டும் இன்னும் சுமார்தான். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கை வைக்க முடியாத சூடு, திரும்பி வருவது ஏறக்குறைய சில்லென்று. வால்வு முழுசாகத் திறந்திருக்கிறது, அப்படியென்றால் கோர் அடைத்திருக்கிறது.

உள்ளூர் மெக்கானிக் அண்ணன் டாஷ்போர்டை இறக்க வேண்டும் என்றார். முதலில் கழுவிப் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டேன். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலண்ட் திரும்பி வரும் பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டோம். அழுத்தம் அதிகமானால் பழைய கோர் பிளந்துவிடும். முதலில் துருநிறத்தில் சேறு, அப்புறம் வெள்ளைச் செதில்கள். திசையை மாற்றி மாற்றி, தெளிந்த தண்ணீர் வரும் வரைக்கும் விட்டோம். வடித்த பழைய கூலண்டைத் தரையில் விடாமல் கேனில் பிடித்தோம். அது இனிக்கும், நாய்கள் நக்கினால் செத்துப்போகும்.

கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றினோம். காற்றை வெளியேற்ற வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்க வேண்டும். எங்கள் தெருவில் அதற்கா பஞ்சம்! குமிழை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்தோம். குமிழிகள் அடங்க அடங்க ஊற்றி நிரப்பி மூடினோம். டாஷ்போர்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்த களகள சத்தமும் நின்றது. இப்போது குன்னூர் இறக்கத்திலும் கண்ணாடி முழுக்கத் தெளிகிறது. பெட்ரோல் செலவும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருக்கிறது.

சமவெளி வண்டியை மலைக்கு வாங்குகிறவர்கள், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்பதோடு பானட்டுக்குள் அந்த இரண்டு ஹோஸ்களையும் பாருங்கள். கோருக்குப் போகாமல் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டிருந்தால், பெரும்பாலும் கோர் ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். இணைக்காவிட்டாலும், உள்ளே இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் அதே சந்தேகம்தான். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. கோரை மாற்றும் செலவையும் விலையில் பேசிக்கொள்ளுங்கள்.